எந்தப் பள்ளத்தாக்கு என்பதை நானே முடிவு செய்தேன்

"இந்த வருஷம் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போறோம்கறதை நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை என் மனைவி லவானிடம் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. எழுந்து நின்று சொன்னேன்.

"சரி" என்றாள் லவான்.

அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து தனியாக ஒரு 'சரி' வந்து நான் கேட்டதில்லை. 'சரி, ஆனா' வரும். 'சரி சரி, போதும்' வரும். 'சரியாப் போச்சு' தினமும் வரும். மொட்டையாக ஒரு 'சரி' வந்தது அன்றைக்குத்தான். நானோ ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து இன்னொரு முட்டை கேட்டேன்.

நான் ஏன் எழுந்து நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன். காரணம் என் தம்பி டெலாய். அவனோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. பத்து வருஷமாகிறது. மாவட்டக் கண்காட்சியில் இரும்புச் சட்டிச் சமையல் போட்டி. எங்கள் யூட்டா பக்கத்தில் அது விளையாட்டுக் காரியம் இல்லை. கனத்த சட்டி, அடியிலும் கங்கு, மூடி மேலும் கங்கு. உள்ளே என் ரொட்டி உப்பிக்கொண்டிருந்தது. வெந்து முடிகிற வரை அடுத்தவன் சட்டி மூடியை யாரும் தொடக்கூடாது. எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்குக்கூட இது தெரியும். டெலாய் தூக்கினான். "எப்படி வந்திருக்குன்னு பார்க்கறேன் அண்ணே" என்று சிரித்துக்கொண்டே தூக்கினான். காற்றுப் பட்டதும் ரொட்டி அமுங்கியது. நடுவர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்தபோது, குதிரை உட்கார்ந்து எழுந்த தொப்பி மாதிரி இருந்தது. அன்றைக்கு முதல் பரிசு ரிப்பன் யாருக்கு? பீச் பழப் பலகாரம் செய்த டெலாய்க்கு.

அன்றே வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். அவன் பெயரை என் கூரைக்குக் கீழே யாரும் சொல்லக்கூடாது. இதில் ஒரு சங்கடம். டெலாயின் மனைவி வெல்டா, லவானின் கூடப்பிறந்த தங்கை. அண்ணனும் தம்பியும் அக்காளையும் தங்கையையும் கட்டியிருக்கிறோம். அதனால் எனக்குத் தம்பி இல்லாமல் போனபோது லவானுக்கும் தங்கை இல்லாமல் போய்விட்டாள். நான் கோழிக்குத் தீனி போடப் போகும் நேரத்தில் இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்வார்கள். எனக்குத் தெரியாதா? ஒரு நாளைக்கு ஐந்து தடவை "கோழிக்குத் தீனி போட்டீங்களா?" என்று கேட்டால் யாருக்கும் தெரியும். எங்கள் மான்டை ஊரிலேயே என் கோழிகள்தான் குண்டு.

அப்படியிருக்க, முடிவெட்டும் ரெக்ஸ் ஒரு நாள் கத்தரியை என் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"உன் தம்பிக்கு இந்தக் கோடைல வேலை கிடைச்சிருக்காமே. பள்ளத்தாக்குப் பக்கம் ஏதோ ஒரு முகாம்ல காப்பாளரா."

எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் இதைச் செய்வதுண்டு. முகாம் மைதானத்தில் இலவசமாகத் தங்கலாம். பதிலுக்கு வருகிறவர்களை வரவேற்று, கழிப்பறையைக் கழுவ வேண்டும்.

"எந்தப் பள்ளத்தாக்கு?" என்றேன்.

"அதைக் கேக்க மறந்துட்டேன்."

"முக்கியமானதை விட்டுட்டு மத்ததெல்லாம் கேளு."

"தலையை ஆட்டாதே. காது போயிடும்."

என் நிலைமையைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை டிரெய்லரை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு லவானோடு ஏதாவது ஒரு பள்ளத்தாக்கைப் பார்க்கப் போவேன். அதில் ஒன்றில் டெலாய் வாசலில் நின்று "வாங்க அண்ணே" என்பான். எது என்று தெரியாது. லவானுக்குத் தெரியும். அவளிடம் கேட்கலாம் என்றால், அவன் பெயரைச் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டவன் நான். என் சட்டத்தை நானே மீறினால் அப்புறம் அந்த வீட்டில் எனக்கு என்ன மிச்சம் இருக்கும்? கோழிகள்தான்.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். லவானுக்குத் தங்கையைப் பார்க்க ஆசை. எந்த இடத்தில் வெல்டா இருக்கிறாளோ அந்தப் பக்கம்தான் அவள் என்னைத் தள்ளுவாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும். அவள் எதை விரும்புகிறாளோ அதை விட்டுவிட வேண்டியது.

மான்டையிலிருந்து எண்பத்தொன்பதாம் நம்பர் சாலை நேரே தெற்கே இறங்குகிறது. முதலில் இடது பக்கம் பிரைஸ். அப்புறம் வலது பக்கம் ஸயான். கடைசியில் கனாப் ஊரில் சாலை இரண்டாகப் பிரியும்: இடது போனால் பேஜ் பக்கத்து இடுக்குப் பள்ளத்தாக்குகள், நேரே போனால் கிராண்ட் கேன்யன் வடகரை. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு தடவை தப்பிக்க வேண்டும். பின்னால் டிரெய்லர் இருப்பதால் தப்பாகத் திரும்பிவிட்டால் லேசில் வண்டியைத் திருப்ப முடியாது. இந்தக் கவலையில் முந்தின நாளே எனக்கு நெஞ்சு எரிய ஆரம்பித்தது.

"இவ்வளவு உருளைக்கிழங்கு எதுக்கு?" என்று கிளம்பும்போது கேட்டேன். சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டு, கட்டில் அகலத்துக்கு இருந்தது.

"பசிக்குமே."

"ரெண்டு பேர்தானே?"

"உங்க பசி எனக்குத் தெரியாதா?"

பாங்விச் ஊருக்குள் நுழையும்போது தொப்பியை மூக்கு வரை இழுத்துக்கொண்டேன். டெலாயின் வீடு அங்கேதான், சாலையை ஒட்டி. ஓரக்கண்ணால் பார்த்தேன். திரைச்சீலை மூடியிருந்தது. வாசலில் வண்டி இல்லை. நாயைக்கூடக் காணோம். ரெக்ஸ் சொன்னது நிஜம். ஆள் முகாமுக்குப் போய்விட்டான். இனி கண்ணைத் திறந்துகொண்டு ஓட்ட வேண்டும்.

"எதுக்குத் தொப்பியை அப்படிப் போட்டிருக்கீங்க?"

"வெயில்."

"வெயில் என் பக்கம்ல அடிக்குது?"

பிரைஸ் பிரிவு நெருங்கியது. லவானைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்! பல் தெரிய!

"பிரைஸ்ல அந்தச் செங்கல் நிறப் பாறைத் தூணெல்லாம் சாயங்கால வெயில்ல எரியற மாதிரி இருக்கும், இல்ல? எவ்வளவு நாளாச்சு பார்த்து."

மாட்டிக்கொண்டாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். "அங்க கூட்டம் ஜாஸ்தி" என்று சொல்லி நேரே மிதித்தேன். இடது பக்கச் சாலை ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போயிற்று. லவான் கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தாள். எனக்குப் பரம திருப்தி.

"சரி. அடுத்த பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க. பாத்ரூம் போகணும்."

நிறுத்தினேன். போனாள், வந்தாள். வரும்போது போனைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே வந்தாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்து, நேரம் பார்த்திருப்பாள் என்று முடிவும் செய்தேன். அந்த நாள் முழுக்க நான் செய்த முடிவுகள் எல்லாம் அந்த ரகம்.

எங்கள் சாலைகளில் டிரெய்லர்க்காரன் மெதுவாகப் போனால் பின்னால் வால் நீண்டுவிடும். அடிக்கடி ஓரம் கட்டி மற்றவர்களை விட வேண்டும். அதுதான் முறை. நானும் ஓரம் கட்டினேன். எல்லாரும் சீறிக்கொண்டு போனார்கள், ஒருவன் தவிர. கூண்டு வைத்த ஒரு நீலப் பிக்கப் எனக்குப் பின்னாலேயே ஓரம் கட்டி நின்றது. நான் கிளம்பினேன். அவனும் கிளம்பினான்.

"பாரு லவான், இந்தக் காலத்துலயும் முந்தியடிக்காம வர்ற மனுஷன் இருக்கான்."

"நல்ல வளர்ப்பா இருக்கும்" என்றாள்.

ஸயான் பிரிவு வந்தது. இந்தத் தடவை லவான் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் நூலை வைத்துக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் லேசாக அசைந்தது. வேண்டிக்கொள்கிறாள்! தெற்குப் பக்கம் வானத்தில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆகஸ்ட் மழை. லவான் ஒரு இடத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கிறாள் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

"ஸயான் போவோமா?" என்று ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தேன்.

"ம்."

"போகலாங்கறியா, வேணாங்கறியா?"

"முப்பத்தி ஆறு" என்றாள்.

"என்னது?"

"குறுக்க பேசாதீங்க."

ஏதோ ரகசியக் குறி. முகாமில் இட நம்பராக இருக்கும். நேரே மிதித்தேன்.

கனாப் வந்து சேர்ந்தபோது மேகம் பாதி வானத்தை மூடிவிட்டது. கடைசிப் பிரிவு. இதில் தவறினால் பத்து வருஷம் கட்டிக் காத்த கோபம் தண்ணீரில் போய்விடும். பெட்ரோல் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"பேஜா, வடகரையா?"

"நீங்கதானே முடிவு பண்றீங்க?"

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்."

"வடகரை வேணாங்க. ரொம்ப உயரம். மழை வேற வருது. குளிருக்கு உங்க முட்டி என்ன பாடு படும்? பேஜுக்குப் போனா கதகதப்பா இருக்கும்."

என் முட்டி மேல் அவளுக்கு என்றைக்கு இவ்வளவு பாசம்? வீட்டில் நொண்டிக்கொண்டு நடந்தால் "காலை இழுக்காதீங்க, தரை தேயுது" என்பவள். கணக்கு நேராயிற்று. டெலாய் இருப்பது பேஜ்.

"வடகரை!" என்றேன். குரல் பக்கத்துப் பம்பு வரை கேட்டிருக்கும். அங்கே நின்ற நீலப் பிக்கப்பின் கண்ணாடிகூடச் சட்டென்று மேலே ஏறியது.

"உங்க இஷ்டம். பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்றாள் லவான்.

மேலே ஏறும்போதே இடி ஆரம்பித்துவிட்டது. செம்மண் போய்ப் பைன் மரங்கள் வந்தன. வண்டி மூச்சு வாங்கியது. என் முட்டி வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை. அங்கே காட்டிலாகா முகாம் ஒன்று உண்டு. முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவனுக்கு இடம். நுழைவாயிலில் பலகையில் காப்பாளர் பெயர் எழுதித் தொங்கும். அதைப் படிக்க அவசரமாக ஜன்னலை இறக்கினேன்.

'உங்கள் காப்பாளர்கள்: ஹாலன், பெத் குரோமர். ஐடஹோ.'

இன்னொரு தடவை படித்தேன். டெலாய் இல்லை. குரோமர்! என் வாழ்க்கையில் பார்த்தே இராத அந்தக் குரோமர் மேல் எனக்கு அப்படி ஒரு அன்பு பொங்கியது.

"ஏன் ஸ்டியரிங்கைத் தட்டிட்டிருக்கீங்க?" என்றாள் லவான்.

"சும்மா. நல்ல இடம்ல?"

"குளிருது."

"குளிரட்டும்!"

பாவம், தோற்றவள். கொஞ்சம் அன்பாகக்கூடப் பேசலாம் என்று நினைத்தேன்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டே இடம்தான் காலி. எனக்குக் கிடைத்தது படுமோசம். இரண்டு பைன் மரத்துக்கு நடுவே டிரெய்லரைப் பின்னால் தள்ளிச் செருக வேண்டும். ஒரு பக்கம் பள்ளம். டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது ஓட்டுகிறவனுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. ஒருவர் பின்னால் நின்று கத்த வேண்டும், மற்றவர் கேட்டுத் திருப்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் விவாகரத்துகள் பாதி இங்கேதான் ஆரம்பிக்கின்றன. லவான்தான் எப்போதும் பின்னால் நிற்பாள். "இடது" என்பாள். "உன் இடதா, என் இடதா?" என்பேன். "எல்லாருக்கும் ஒரே இடதுதான்" என்பாள்.

இந்தத் தடவை அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

"பாத்ரூம் போகணும்."

"இப்பவா? மழை வருது!"

"அதனாலதான். யாரையாவது பின்னாடி நிக்கச் சொல்லிட்டுப் போறேன்."

போய்விட்டாள். அதே நிமிஷம் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. கூரை மேல் கூடை கூடையாகக் கூழாங்கல் கொட்டுகிற சத்தம். கண்ணாடியில் வெள்ளைப் படலம். பக்கத்தில் பள்ளம். என் காதும் முன் போல் இல்லை. தூரத்தில் ஒரு ஆண் குரல் கேட்டது.

"வாங்க... வாங்க... ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிங்க!"

ஒடித்தேன்.

"போதும்! இப்ப நேரா! வாங்க வாங்க வாங்க!"

என்ன தெளிவு! ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்கிறானே தவிர, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிக் குழப்பவில்லை. எங்கள் அப்பா இப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று ஜன்னலை இறக்கிக் கத்தினேன்.

"நாலடி!"

"மரம்? மரத்துல இடிக்குமா?"

"மரத்தை நான் பார்த்துக்கறேன்! நீங்க என்னை நம்பி வாங்க!"

நம்பிப் போனேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி டிரெய்லர் உள்ளே போய் உட்கார்ந்தது. மனசு நிறைந்துவிட்டது. ஜெயித்த நாள், தெளிவான மனுஷன், ஒரு கீறல் இல்லை.

"ரொம்ப நன்றி ஐயா!" என்று கத்தினேன். "என் சம்சாரத்துக்கு இவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்தும் இது வரல! ராத்திரி சாப்பாட்டுக்குக் குடும்பத்தோட வந்துடுங்க! உருளைக்கிழங்கு நிறைய இருக்கு! வரலேன்னா எனக்குக் கோபம் வரும்!"

"வர்றோம்!"

தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்ட ஒரு முகம் ஜன்னல் பக்கம் வந்தது. கிழடு தட்டியிருந்தது. மூக்கு மட்டும் என்னுடைய மூக்கு.

"கண்டிப்பா வர்றோம் அண்ணே" என்றான் டெலாய்.

ஜன்னலை ஏற்றினேன். ஏற்றிவிட்டுப் பார்த்தால், பக்கத்து இடத்தில் நீலப் பிக்கப். அதற்கு முன்னால், ஆலங்கட்டி மழையில், லவானும் வெல்டாவும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரண்டு பேருமே மற்றவள் சொல்வதைக் கேட்கவில்லை. தலையில் ஐஸ் விழுவதுகூடத் தெரியவில்லை. லவான் அழுகிறாளா, மழையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

அப்புறம் லவான் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து தலையைத் துவட்டினாள்.

"இறங்குங்க. விருந்துக்கு ஆளைக் கூப்பிட்டுட்டு இங்க உட்கார்ந்திருந்தா எப்படி?"

"அவன் ஏதோ முகாம்ல காப்பாளர்னு ரெக்ஸ் சொன்னான்."

"ரெக்ஸை நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"எதுக்கு?"

"நீங்க பின்னாடி பார்க்காம முன்னாடி மட்டும் பார்த்துக்கிட்டு ஓட்டணுமே. அவங்க பாங்விச்லேருந்து நம்ம பின்னாடிதான் வர்றாங்க."

நீலப் பிக்கப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்ப எந்தப் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தாலும்..."

"எங்க போனாலும்தான். நீங்க முடிவு பண்ணிப் பண்ணிச் சொன்னீங்க, நான் பாத்ரூம்லேருந்து போன் பண்ணிப் பண்ணிச் சொன்னேன்."

"பிரைஸ்ல சிரிச்சியே?"

"எனக்கு பிரைஸ் பிடிக்கும்."

"ஸயான்கிட்ட வாயைத் திறக்கலையே? முப்பத்தி ஆறுன்னு ஒரு நம்பர் சொன்னியே?"

"பின்னல் கண்ணி எண்ணிட்டிருந்தேன். உங்களால திரும்ப முதல்லேருந்து எண்ணினேன்."

"வடகரை வேணாம்னியே!"

"குளிருங்க! முட்டி வலிக்கும்னு சொன்னேனா இல்லையா? இப்ப வலிக்குதா இல்லையா?"

வலித்தது.

ராத்திரி நான்கு பேரும் எங்கள் டிரெய்லருக்குள் முட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். கூப்பிட்டவன் நான், துரத்த முடியாது. நான் டெலாயிடம் பேசவில்லை. லவானிடம் சொன்னேன், அவள் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னாள்.

"அவனை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"டெலாய், உப்பாம்."

"அத்தானுக்குக் கோபம் இன்னும் போகல போல" என்றாள் வெல்டா.

"போகாது" என்றேன்.

"இருக்கட்டும் அத்தான். கோபத்தோடயே சாப்பிடுங்க. உருளைக்கிழங்கு ஆறிடும்."

காலையில் மழை விட்டு வானம் பளிச்சென்று இருந்தது. வெளியே மேஜையில் ஈரத்தைத் துடைத்து லவான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். "நான் வீட்டுக்குப் போறேன்" என்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் இரண்டு பேரும் ஸயானா பிரைஸா என்று பேசிக்கொண்டார்கள். "அண்ணன் சொல்ற இடத்துக்கே போவோம்" என்றான் டெலாய். அவன் அப்படி மரியாதையாகப் பேசியது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சரியான நேரம் பார்த்து ஒரேயடியாக எதிர்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

லவான் முட்டை திருப்பும் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள். எங்கள் தேவாலயச் சபையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மேடையிலிருந்து ஏதாவது ஒரு பொறுப்புக்கு ஒரு பெயரைச் சொல்லி, ஆதரிக்கிறவர்கள் கை தூக்கச் சொல்வார்கள். எல்லாரும் தூக்குவோம். யாருக்கு, எதற்கு என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தூக்குகிறேன். பாதித் தூக்கத்தில் தூக்கியிருக்கிறேன். முழுத் தூக்கத்தில் தூக்கியதாகவும் சொல்வார்கள். லவானுக்கு அன்று அச்சு அசலாக அந்த மேடைக் குரல் வந்தது.

"மீதி நாலு நாளும் ரெண்டு வண்டியும் சேர்ந்தே போறது, முதல்ல ஸயான், அப்புறம் பிரைஸ், டெலாய் முன்னாடி போக நாம பின்னாடி போறதுன்னு முன்மொழியப்படுகிறது. இதை ஆதரிக்கிறவர்கள் வலது கையை உயர்த்திக் காட்டவும்."

வெல்டா கையைத் தூக்கினாள். டெலாயும் தூக்கினான்.

"எதிர்ப்பவர்கள் யாராவது இருந்தால், அதே விதமாகக் காட்டவும்."

இதற்காகத்தான் காத்திருந்தேன். கையைத் தூக்கப் போனேன். அது ஏற்கெனவே மேலே இருந்தது.